அடிக்குரல்

களியக்காவிளையில் நாலரை வண்டி.
நடத்துனர் எங்களிடம் இடம் கேட்பதில்லை.
மெடிக்கல் காலேஜ் ரெண்டு என்று
அவரே சொல்லி அவரே கிழிப்பார்.
முப்பத்துமூன்று நாள் கதிர்.
பாறசாலை தாண்டியும் விடியாது.
நெய்யாற்றின்கரையில் சாயாக்கடை திறந்திருக்கும்;
அவருக்குக் குழாய் வழிதான் எல்லாம் என்பதால்
நானும் இறங்குவதில்லை.

ரப்பர் வெட்டுகிறவர் சத்தியநேசன்.
நெற்றி விளக்கு வெளிச்சத்தில்
தடியில் படாமல் பட்டையை மட்டும் சீவும் கை.
தையல் பிரித்த அன்று டாக்டரைக் காட்டி
சிலேட்டில் எழுதினார்:
'நல்ல வெட்டுக்காரன். தடியில படல்ல.'
சிரித்தேன்.
பிறகு வராந்தாவுக்குப் போனேன்.

பளுகல் சபையில் இருபத்தாறு வருஷம்
பாடகர் குழுவின் கடைசி வரிசை.
அவர் ஆமென் பிடித்தால்
பெஞ்சுப் பலகை வழியே என் முழங்கால்வரை வரும்.
கல்யாணத்துக்கு முன்னே எனக்குத் தெரிந்தது
அந்த அதிர்வு.
முகம் பிறகுதான்.
அந்தக் குரல்பெட்டியை ஒரு எஃகுத் தட்டில் கொண்டுபோனார்கள்.
எங்கே என்று கேட்க
என் மலையாளம் போதவில்லை.

எண்ணெய்க் குப்பியோடு நாலு பேர் வந்தார்கள்,
கிறிஸ்டல்பாய் அக்கா முன்னால்.
விசுவாசித்தால் நாற்பதாம் நாள் குரல் வரும்.
நாற்பது நாளும் ஒருவேளைதான் சாப்பிட்டேன்.
நாற்பத்தொன்றாம் நாள்
கழுத்து ஓட்டையைச் சுற்றித் துடைக்கையில் அவர் இருமினார்;
சளி என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது.
பைப்படியில் அதைக் கழுவிக்கொண்டே
ஆண்டவரிடம் பேசக்கூடாததெல்லாம் பேசினேன்.
யோபின் மனைவிக்கு வேதத்தில் பெயர்கூட இல்லை.
ஒரே ஒரு வசனம் பேசினாள், அதற்கே திட்டு.
அவன் ஓட்டை எடுத்துச் சுரண்டிக்கொள்ளுமுன்
அந்தப் புண்களை
யார் துடைத்தார்களாம்?

உயிர்த்தெழுந்த ஞாயிறும் நாலரைக்கே,
எங்களுக்குப் பழகிய நேரம்.
கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரிகள்.
குழுவின் வெள்ளைச் சட்டை போட்டு
கழுத்துக்கு நான் தைத்த துணி மறைப்போடு
கடைசி வரிசைக்குப் போனார்.
அவர் இடத்தில் நின்ற ஜெபின்சன்
கேட்காமலே ஒரு அடி நகர்ந்தான்.

பாட்டு தொடங்கியதும் அவர் திரி அணைந்தது.
ஜெபின்சனின் திரியில் பற்றவைத்தார். மறுபடி அணைந்தது.
காற்று இல்லை.
ரப்பரில் புதுத் தளிர் ஒன்றும் அசையவில்லை.
மூன்றாம் தரம் திரியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தபோதுதான் பார்த்தேன்:
வாய் மேலே திறக்கிறது,
மூச்சு கீழே வருகிறது.
அடிக்குரல் நீள வேண்டிய இடத்தில்
சுடர் சாய்ந்து கிடக்கிறது.
நிறுத்த வேண்டிய இடத்தில் எழுந்து நிற்கிறது.
நாலு மாத்திரை. சாய்வு. ஒன்று நிறுத்தம்.
எனக்கு மனப்பாடமான வரிசை அது.
ஒரு இடமும் தவறவில்லை.

என் பாட்டை விட்டுவிட்டேன்.
எழும்புவது என்றால்
எல்லாம் அடைபட்டு வருவது என்றே நினைத்திருந்தேன்.
அவரோ விலாவை மூடிக்கொண்டு வரவில்லை;
தோமாவின் கை போகிற அளவுக்கு
திறந்தேதான் வந்தார்.
அடைக்கத் தெரியாமலா?
பிதாவின் வலதுபக்கம் இருக்கிறபோதும்
அந்த ஓட்டைகள் வழியாகக் காற்று போய்வருமோ என்னவோ.
போதகரிடம் கேட்கவில்லை.
என் திரியின் மெழுகு விரலில் சுட்டது,
உதறவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டைத் தேடி எடுத்து எழுதினார்:
'ஜெபின்சன் ரெண்டாம் சரணத்தில சுருதி கீழ.
அவன்கிட்ட சொல்லாத.'

திங்கள். பத்தொன்பதாவது கதிர்.
கிறிஸ்டல்பாய் அக்கா வழியில் தலையாட்டினாள்,
நானும் ஆட்டினேன்.
நடத்துனர் அவரே சொல்லி அவரே கிழித்தார்.
பாறசாலைக்கு முன்பே அவர் என் தோளில் சாய்ந்துவிட்டார்.
கழுத்து மூச்சு சேலைத்தலைப்பில்
விட்டு விட்டு.
உறக்கமா, பாட்டா?
எண்ணிப் பார்த்தேன்: மூன்று வந்தது,
பிறகு நாலு,
பிறகு இருமல்.
தூவாலையை எடுத்தேன்.
வண்டி குலுங்கியது, துடைத்தேன்,
அடுத்த தோளைக் கொடுத்தேன்.